காலம் கடந்தால் உரிமை போய்விடுமா?

பிறர் நிலத்தை ஒருவர் ஒளிவுமறைவின்றித் தமதென்று கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் இடையறாது ஆண்டுவந்தால், உரியவர் பின்னர் வழக்குத் தொடுத்து அதனை மீட்க இயலாது. வழக்கறிஞர்கள் இதனை எதிரிடை அனுபோகம் என்பர். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கடனுக்கு ஒரு நீதியும் நிலத்துக்கு வேறொரு நீதியும் வைத்திருக்கிறது. பணக்கடனில் காலம் கடந்தால் வழக்கிடும் வழிதான் அடைபடும். கடன் கடனாகவே நிற்கும். நிலத்திலோ, 27-ஆம் பிரிவின்படி உரிமையே அற்றுப்போகிறது. உறங்கியவன் இழந்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் உறங்கியவர் ஒருவர், இழந்தவர் மற்றொருவர் என்றால் என் செய்வது?

வக்ஃபுச் சொத்துகளில் நேர்வது இதுதான். அறம் செய்தவர் மண்ணறையில் இருக்கிறார். அதன் பயனைப் பெறவேண்டிய அநாதைக்கு அப்படியொரு நிலம் இருப்பதே தெரியாது. காவல் காக்கவேண்டிய முத்தவல்லி வாளாவிருந்தாலோ, தாமே அதற்கு விலை பேசினாலோ, அக்குற்றத்துக்கு ஏழை தண்டம் கட்டுவதா? இதற்கு விடையாகவே 1995-ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டம், 107-ஆம் பிரிவில், வக்ஃபு நிலங்களை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறை இல்லை என்றது. ஒருமுறை வக்ஃபானது என்றும் வக்ஃபே என்பதை 1998-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2025-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 15-இல் பிறந்த இடைக்கால ஆணையில் உச்ச நீதிமன்றம் வேறு சில பிரிவுகளை நிறுத்திவைத்தது, இதனை நிறுத்தவில்லை.

இம்மாற்றத்தை ஆதரித்தோர் எடுத்துக்காட்டிய ஊர்களுள் ஒன்று தென்னூரில் வாழும் நமக்குத் தொலைவானதன்று. உறையூர் கடந்து கரூர்ச் சாலையில் மேற்கே சென்றால், காவிரிக்குத் தென்கரையில் திருச்செந்துறை. சோழர் காலத்துச் சந்திரசேகரர் கோயில் அங்கே இருக்கிறது. 2022 செப்டம்பரில் அவ்வூர் உழவர் ஒருவர் ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலத்தை விற்கச் சார்பதிவாளர் அலுவலகம் சென்றார். வக்ஃபு வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஊரின் நிலமே வாரியத்துக்கு உரியது என்ற கோரிக்கை அன்றுதான் ஊராருக்குத் தெரியவந்தது. கிளர்ச்சி எழுந்தது, மாவட்ட நிர்வாகம் தலையிட்டது, பத்திரப் பதிவு மீண்டும் நடந்தது.

வாரியத்தின் கோரிக்கைக்கு ஆதாரம் உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு. ஆதாரம் முழுமையாக இருந்ததென்றே வைத்துக்கொள்வோம். பட்டா வைத்து, வரி கட்டி, மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்கப் போகிறவரிடம், கிரயப் பத்திரம் எழுதும் நாளில் அதனைச் சொல்வது நீதியாகாது. பல்லாண்டு மௌனத்தின் விலையை அவர் ஒருவர் தலையில் கட்டுவதாகும் அது. 2023-இல் சேலம் அடக்கத்தல வழக்கிலும் உச்ச நீதிமன்றம், முறையான நில அளவாய்வு இன்றி அரசிதழில் வெளியான அறிவிப்பு மட்டும் ஒரு நிலத்தை வக்ஃபாக்கிவிடாது என்றது. அத்தீர்ப்பு நம்மவர்க்குக் கசந்திருக்கலாம், சரியான தீர்ப்பே.

ஆனால் ஓர் உழவருக்கு நேர்ந்த அநீதியைக் காட்டி, அறிந்தே வளைத்துக்கொண்டவனுக்கும் கதவைத் திறந்துவிடலாமா? அடக்கத்தலத்து வேலியை ஆண்டுக்கு ஒரு முழம் உள்ளே தள்ளிக் கடை கட்டியவனும் இனிப் பன்னிரண்டு ஆண்டுகளை எண்ணிக்கொண்டு காத்திருப்பான். இவ்விருவரையும் பிரித்தறியும் வழி காலவரையறைச் சட்டத்திலேயே உண்டு. அதன் 10-ஆம் பிரிவின்படி, நம்பி ஒப்படைத்த சொத்தைக் கையாண்ட காப்பாளருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் எத்தனை ஆண்டு கடந்தாலும் காலத்தின் புகலிடம் இல்லை. விலை கொடுத்து வாங்கியவருக்கு அக்கடுமை இல்லை. இந்து, முஸ்லிம், பௌத்த அறக்கட்டளைகள் அனைத்துக்கும் அப்பிரிவு பொருந்தும். இந்தப் பிரித்தறிதலை விரித்திருந்தாலே போதும். தமிழ்நாட்டில் கோயில் நிலங்களை மீட்பதற்குக் காலவரையறை இல்லை என்று அறநிலையச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு கூறுகிறது. அது நல்ல சட்டம். கோயில் நிலத்துக்கு நல்லதாக இருப்பது பள்ளிவாசல் நிலத்துக்கு எவ்வாறு தீயதாயிற்று என்பதற்கு நாடாளுமன்ற விவாதத்தில் தக்க விடை கிடைக்கவில்லை.

காலவரையறை என்பதே ஷரீஅத்துக்கு அயலானது என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். அவர்கள் மஜல்லாவைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு ஹனஃபீ சட்டத்தைத் தொகுத்த அந்நூல், பொதுவான வழக்குகளுக்குப் பதினைந்து ஆண்டும் வக்ஃபின் மூலச் சொத்தைப் பற்றிய வழக்குகளுக்கு முப்பத்தாறு ஆண்டும் எல்லை வகுத்தது. அதற்குமேல் காழி வழக்கைக் கேட்கமாட்டார். எனினும் காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை என்று 1674-ஆம் விதி கூறுகிறது. எல்லை கடந்த பின்னரும் பிரதிவாதி மன்றத்தில் நின்று, “ஆம், இது அவருடையதே” என்று ஒப்புக்கொண்டால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் தீர்ப்பு அவருக்கு எதிராகவே எழுதப்படும்.