தடுக்கும் துணை

சிறுபாணாற்றுப்படையிலே, இன்றைய திண்டிவனத்தில் அடங்கிய கிடங்கிலுக்குத் தலைவனான நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வழி சொல்லி அனுப்புகிறான். பொருள் நாடினவனுக்குப் பொருள் கிடைக்குமிடத்தைக் காட்டும் அவ்வுதவி பெரிதே. ஆனால், நாடின வழியை மறிப்பவனும் வழிகாட்டியாவானோ?

ஆவான் என்பதற்கு, திருவெண்ணெய்நல்லூரே சாட்சி. மணக்கோலத்திலிருந்த சுந்தரரை ஒரு கிழவேதியர் தம் அடிமையென்று கூறித் தடுக்க, சுந்தரர் வெகுண்டு அக்கிழவரின் அடிமையோலையைப் பறித்துக் கிழித்தெறிய, மூல ஓலை வேறுண்டு என்று கிழவர் வழக்கை அவ்வூர்ச் சபைக்கே கொண்டுபோய் வென்று, ஆலயத்துள் மறைந்தார் என்கிறது பெரியபுராணம். கிழிந்த அந்த ஓலையே என் நெஞ்சைவிட்டு அகலுவதில்லை. இச்சைக்கு இடையூறாக வந்தவரை ஈசனென்று யார்தான் உடனே அறியக்கூடும்?

மறித்தே காக்கும் துணை நாய்களிடத்தும் உண்டு: போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916 இல் ஜெர்மனியில் முறையான பயிற்சி பெறத் தொடங்கிய துணைநாய்களின் வழிவந்தவை, எஜமானர் நடக்க ஏவினாலும், வண்டி எதிர்வருமாயின், ஏவலை மீறி அசையாது நின்றுவிடும்படி இன்றும் பழக்கப்படுகின்றன.