எங்க வேலைக்குப் போவா, தம்பி?

தறியில் உட்கார்ந்தே குடும்பத்தைக் கரைசேர்த்த ஒருவர், பிளஸ் டூ முடித்த மகளைக் காட்டி, “பிசிக்ஸ் படிச்சா எங்க வேலைக்குப் போவா, தம்பி?” என்று கேட்கிறார். அதை அறியாமையில் பிறந்த கேள்வியாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் ஊரான தென்னேரியில் பிள்ளைகளின் கண்ணெதிரே தெரியும் வேலைகள் சிலதான். தறி இருக்கிறது. ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் கம்பெனிகள் இருக்கின்றன. மதிப்பெண் வந்தால் இன்ஜினியரிங். புள்ளியியல் இயற்பியல் என்று ஒரு பிழைப்பு இருப்பதை எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இந்தப் பெண்ணோ அதைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறவன் என்பதால், அப்பாவும் மகளும் ஆளுக்கொரு கேள்வியோடு என்னிடம் வந்தார்கள்.

அவளைப் பிடித்துக்கொண்டது மிக எளிய ஒரு விஷயம். 18 கிராம் தண்ணீரில், அதாவது ஒரு வாய்க்கும் குறைவான நீரில், 6-ஐ எழுதி அதன் பின்னால் 23 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கும் கொதிப்பது என்றால் என்னவென்று தெரியாது. பக்கத்தில் இருப்பதை இழுக்கும், மோதும், விலகும், அவ்வளவுதான். ஆனாலும் எல்லாம் சேர்ந்து ஒரே சூட்டில் சட்டென்று ஆவியாகின்றன. “தனியா ஒண்ணுக்கும் தெரியாதது கூட்டத்துக்கு எப்படி மாமா தெரியுது?” என்று கேட்டாள். மாக்ஸ்வெல், போல்ட்ஸ்மன், கிப்ஸ் மூவரும் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த புள்ளியியல் இயற்பியல் முழுக்க இந்தக் கேள்விக்குள் அடங்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ஏரியே போதும். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து கீழேயுள்ள ஏரிக்குப் போகும்; அது நிரம்பினால் அதற்கும் கீழே. 1987இல் பெர் பாக், டாங், வீசன்ஃபெல்ட் மூவரும் மணல்மேட்டை வைத்து இப்படி ஒரு கணக்கைப் போட்டார்கள். கட்டம் கட்டமாகப் பிரித்த தளத்தில் மணல் மணி மணியாக விழுகிறது. ஒரு கட்டத்தில் நான்கு மணிகள் சேர்ந்தால் அக்கம்பக்கத்துக் கட்டங்கள் நான்குக்கும் ஒவ்வொன்று சரிகிறது. சில நேரம் ஒரு மணியோடு நின்றுவிடும், சில நேரம் மேடு முழுவதும் சரியும். நம் தீபக் தார் 1990இல் அதற்குள் ஓர் அழகான உண்மையைக் கண்டார். நிரம்பிய கட்டங்களில் எது முதலில் சரிந்தாலும் கடைசியில் வந்து நிற்கும் நிலை ஒன்றுதான். இந்த ஒரு பண்பைப் பிடித்துக்கொண்டே பலவற்றைத் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. உத்தரப்பிரதேசத்தில் பிறந்து, அலகாபாத்திலும் கான்பூர் ஐஐடியிலும் படித்து, அமெரிக்காவின் கால்டெக்கில் முனைவர் பட்டம் பெற்று, மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் திரும்பி வந்தவர் அவர். 2022இல் இத்துறையின் மிகப் பெரிய விருதான போல்ட்ஸ்மன் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இந்தியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. உடன் பெற்றவர் ஜான் ஹாப்ஃபீல்ட்.

அதே ஹாப்ஃபீல்டுக்கு 2024இல் ஜெஃப்ரி ஹின்டனோடு இயற்பியல் நோபல் வந்ததும் ஊரெல்லாம் ஏஐ பேச்சாகிவிட்டது. “அப்ப இதப் படிச்சா ஏஐ வேலை கிடைக்கும்னு அப்பாகிட்ட சொல்லிடலாமா?” என்று அவள் கேட்டாள். சொல்லலாம், பொய்யாகாது. ஆனாலும் அதற்காக இந்தப் படிப்பைத் தேர்வதை நான் விரும்பவில்லை. நினைவு எப்படித் தங்குகிறது என்று காந்தக் கணக்கின் வழியில் ஹாப்ஃபீல்ட் 1982இல் எழுதியபோது, இன்றைய ஏஐ வேலை எதுவும் கிடையாது. பத்தாண்டு கழித்து எந்த வேலைக்குக் கிராக்கி வரும் என்று நம்மில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

அந்தக் காந்தக் கணக்குக்குப் பெயர் ஐசிங் மாதிரி. எர்ன்ஸ்ட் ஐசிங் ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்காக அதைப் போட்டு 1925இல் வெளியிட்டார். ஒரே வரிசையில் நிற்கும் அணுக்காந்தங்கள் ஒருபோதும் ஒன்றுபட்டுக் காந்தமாவதில்லை என்று விடை வந்தது. தளத்தில் பரப்பினால் ஆகும் என்பதை லார்ஸ் ஆன்சாகர் 1944இல் முழுக் கணக்காகவே போட்டுக் காட்டினார். ஐசிங் யூதர் என்பதால் நாஜிகள் காலத்தில் வேலை பறிபோய், நாட்டை விட்டு ஓடி, கடைசியில் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் வகுப்பெடுத்து வாழ்ந்தார். தன் பெயரில் உலகம் ஒரு மாதிரியை வைத்துக்கொண்டிருப்பது வெகுகாலம் கழித்தே அவருக்குத் தெரிந்தது. பதக்கக்காரர்களைப் பற்றிச் சொன்னதைவிட இவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் அதிகம் சொல்கிறேன். இந்தத் துறையில் பெரும்பாலோரின் வாழ்க்கை ஐசிங்கின் வகுப்பறைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்த வாழ்க்கை பிடிக்குமா என்று தன்னையே கேட்டுப் பார்த்த பிறகு ஒருவர் இதற்குள் வர வேண்டும்.

கேட்டுப் பார்ப்பதற்கு வழி, வேலையைச் செய்து பார்ப்பதுதான். ஐசிங் மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஐம்பது வரி நிரல் போதும், பிளஸ் டூ கணக்கு போதும். சூட்டைக் கூட்டிக் குறைத்து, எந்த இடத்தில் காந்தம் பிறக்கிறது என்று தேட வேண்டும். விடை தப்பும், ஏன் தப்பியது என்று இரண்டு நாள் உட்கார வேண்டும். அந்த இரண்டு நாளும் யாருக்கு இனிக்கிறதோ அவருக்கு இந்தப் படிப்பு. அவளிடமும் அதைத்தான் முதலில் செய்துவரச் சொன்னேன்.

இந்தத் துறை நமக்கு எவ்வளவு தூரம் என்பது பற்றியும் ஒரு வார்த்தை. சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். துகள்களின் தற்செயல் அசைவுகளைப் பற்றி 1943இல் அவர் எழுதிய நெடுங்கட்டுரையை மாணவர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். அல்லாடி ராமகிருஷ்ணனின் ஆராய்ச்சியும் தற்செயலின் கணிதம்தான். சென்னையில் தன் வீட்டிலேயே கருத்தரங்கு நடத்தி, 1962இல் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கவைத்தார். தரமணியில் இருக்கும் அந்த நிறுவனத்துக்கு எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

அப்பாவுக்கு நான் சொன்னது இது. “மூணு வருஷம் பிஎஸ்சி, ரெண்டு வருஷம் எம்எஸ்சி. அதுக்கப்புறம் ஜெஸ்ட், நெட் மாதிரி பரீட்சை எழுதி ஆராய்ச்சிக்குப் போனா, மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. முனைவர் பட்டம் வாங்க அஞ்சாறு வருஷம் ஆகும். அதுக்கு மேல இன்னும் ரெண்டு மூணு வருஷம் வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ இருக்கணும். நிரந்தர வேலை கெடைக்கறப்போ முப்பது தாண்டிடும் அண்ணா. கெடைக்காமலும் போகலாம்.” இந்தக் கடைசி வாக்கியத்தை மறைத்துப் பேசும் ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கடன் வாங்கிப் படிக்கவைக்கிற வீட்டுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நடுவுல விட்டுட்டா?” என்றார். எம்எஸ்சியோடு நின்றால் பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியர் ஆகலாம். நிகழ்தகவும் நிரலும் கைவந்தவளுக்குக் கம்பெனிகளில் தரவு வேலை உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் கணிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் இந்த வாசல்கள் எல்லாம் திறந்தே இருக்கும். ஐந்தாம் ஆண்டு முடிவில் மறுபடி உட்கார்ந்து பேசுவோம், பதினேழு வயதில் முப்பது வயது வரைக்கும் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை என்றேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்து, “பாரம் எந்தக் காலேஜுக்குப் போடணும்னு தம்பிகிட்ட எழுதி வாங்கிக்க” என்றார்.