எடை குறைந்தால் கடமை குறையுமா?

மனிதன் தனக்கே தீங்கு விளைக்கக்கூடிய ஒரு செயலில் ஈடுபடும்பொழுது அதனைத் தடுக்கப் பிறருக்கு உரிமை உண்டோ என்பது ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. பிறருக்கு ஊறு நேருமிடத்து மட்டுமே சமூகம் தலையிடலாம் என்பது, 1859 இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய நூலில் ஜோன் ஸ்ருவாட் மில் அதற்கு அளித்த விடை. அவ்விடையைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்த துறை ஒன்று உளதெனின் அது வானூர்தித்துறையே. இங்கே தராசு என்பது உவமையன்று. மெய்யாகவே இறாத்தற் கணக்கு.

தனியார் தம் சொந்தத் தேவைக்கெனச் செலுத்தும் சிறு விமானங்களுள் பெயர்பெற்றது செஸ்னா 172. நால்வர் அமரத்தக்க இது, சுமையுடன் ஆயிரம் கிலோகிராமுக்கு மேல் எடையுடையது. அதனைச் செலுத்துவோனுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். இயந்திரத்தைப் பரிசோதிக்கத் தகுதிபெற்ற பொறியியலாளன் வேண்டும். ஆயின் 1982 இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைமுறைக்கு வந்த விதித்தொகுதி ஒன்று, வெற்றெடை 254 இறாத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 115 கிலோகிராமுக்கு உட்பட்டதும், ஓர் இருக்கையே உடையதும், ஐந்து கலனுக்கு மேல் எரிபொருள் கொள்ளாததுமான ‘அல்ட்ராலைட்’ எனும் இலகு வானூர்தியை இத்தளைகள் யாவற்றிலிருந்தும் விடுவித்தது. அனுமதிப்பத்திரமும் மருத்துவச் சான்றும் அதற்கு வேண்டப்படவில்லை. பொழுதுபோக்குக்காக மட்டும், பகலில் மட்டும், தனியே பறக்க வேண்டும் என்பனவே முதன்மையான நிபந்தனைகள். பிறரை ஏற்றாதவன், பிறர்மேல் வீழ்ந்தாலும் பெருந்தீங்கு விளைக்க இயலாத அளவு இலேசானவன், தன் உயிரைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பது இவ்விதியின் உட்கிடை. மில்லின் கொள்கை இறாத்தலாக மாற்றப்பட்ட இடம் இது. இலங்கைக்கு அவ்விதி உரியதன்று. எனினும் அதன் அடியிலுள்ள எண்ணம் எந்நாட்டவரும் ஆராயத்தக்கது.

பெரிய விமானத்தை விட்டு இத்தகைய ஊர்திக்கு மாறுவோர் பலர். செலவு சுருங்கும் என்பது ஒரு காரணம். முகத்தில் காற்று மோதப் பறக்கும் இன்பம் இன்னொன்று. வெளிப்படையாகப் பேசப்படாத காரணமும் ஒன்றுண்டு. வயது முதிர்ந்த விமானி மருத்துவப் பரிசோதனையில் தான் தவறக்கூடும் என அஞ்சுகின்றான். 2004 இல் அந்நாட்டில் வகுக்கப்பட்ட விளையாட்டு விமானி விதியின்படி, சற்றே பெரிய இலகு விமானங்களைச் செலுத்த மோட்டார்வாகனச் சாரதிப் பத்திரமே உடல்நலத்துக்குப் போதிய சான்று. ஆனால் இறுதியாக விண்ணப்பித்த மருத்துவச் சான்று மறுக்கப்பட்டிருப்பின் அச்சலுகை இல்லை. விளைவு யாது? ஐயமுடையவன் பரிசோதனைக்கே செல்லாதிருத்தல் இலாபமாகின்றது. தன் உடலைப்பற்றி அறியாதிருப்போனுக்கு வழி திறக்கின்றது. அறிய முற்பட்டுத் தோற்றவனுக்கு அடைபடுகின்றது. சட்டத்தில் இங்கு மீறல் எதுவுமில்லை. எனினும், அறியாமையைத் தானே தேர்ந்துகொண்டவன் அவ்வறியாமையின் பின்னால் ஒளிந்துகொள்ளலாமோ என்ற வினா எஞ்சுகின்றது. பாழடைந்த பாலத்தைக் கடக்கப் புகுவோனை எச்சரிப்பதற்காகத் தடுத்து நிறுத்தலாம் என மில்லும் ஒப்புக்கொண்டவரே. எச்சரிக்கை காதில் விழாதவாறு காதைப் பொத்திக்கொள்வோனை அவர் கருதினாரில்லை.

மாற்றம் எல்லாமே இவ்வாறு தப்பித்தல் என்று கொள்வது அநீதியாகும். இலங்கையிலேயே இதற்கு மறுதலையான சான்று உண்டு. 1924 இல் பிறந்து 2010 இல் மறைந்த ரே விஜேவர்தன கேம்பிறிட்ஜில் பொறியியல் பயின்றவர். நம் வயல்களில் ‘லாண்ட்மாஸ்டர்’ என வழங்கும் இருசில்லு உழவு இயந்திரத்தை 1950களில் உருவாக்கியவர். பிற்காலத்தில் அவரே இயந்திர உழவு மண்ணையும் சிறு விவசாயியையும் வளப்படுத்தவில்லை என வாதாடி, சீமைக்கிளுவை போன்ற மரங்களை வரிசையாக நட்டு மண்ணைக் காக்கும் வேளாண்மையின்பால் திரும்பினார். அதே மனிதர் இலகு விமானங்களைத் தம் கையாலேயே வடிவமைத்துக் கட்டி வானிற் செலுத்தினார். இவ்விரண்டும் ஒரே மனப்பாங்கின் இரு வெளிப்பாடுகள் எனலாம். வேண்டிய அளவுக்கு மேல் வலுவைத் திரட்டாமை, திரட்டியதை முற்றாக அறிந்திருத்தல் என்பதே அப்பாங்கு. தானே பூட்டிய ஆணி கழன்றால் பழியைச் சுமத்த வேறோர் ஆளில்லை. பெரிய விமானத்தில் தொழிற்சாலை, பொறியியலாளன், மருத்துவன், கட்டுப்பாட்டுக் கோபுரம் எனப் பலரிடையே பங்கிடப்பட்டிருந்த கடமை, சிறு ஊர்தியில் ஒருவன் தலையில் மொத்தமாக வந்திறங்குகின்றது. ஆகவே எடையோடு கடமையும் குறைகின்றது என்பது முதற்பார்வைக்குத் தோன்றும் தோற்றமே.

தமிழிலக்கியத்தில் ஒருவர் தனித்துச் செலுத்தும் ஊர்திக்கு முதலில் நினைவுக்கு வருவது சீவகசிந்தாமணியின் மயிற்பொறி. சச்சந்தன் செய்வித்த அப்பொறியில் விசயை ஏறிப் பழகுகின்றாள். இறுதியில் அது அவளைச் சுடுகாட்டில் கொண்டு இறக்குகின்றது. ஓர் இருக்கைதான், ஆயினும் வயிற்றில் சீவகன் இருந்தான். தனியே பறப்பவர் மெய்யாகவே தனியரோ என்ற ஐயத்தைக் காப்பியம் தன் போக்கிலே எழுப்பிவிட்டுச் செல்கின்றது.

இவ்வையத்தை மண்ணில் இறக்கிப் பார்க்க மன்னார்த் தீவின் உப்புக்குளம் தக்க இடம். மன்னார் நகரைச் சார்ந்த இக்கரையோரத்தில் கடற்றொழிலாளர் வாழ்கின்றனர். தட்டையான நிலமும் தடையற்ற வானும் கொண்ட இத்தகைய இடத்தையே இலகு வானூர்தியில் விருப்புடையோன் தேடுவான். சோளகக் காற்றின் வேகம் அவனுக்குத் தடை. அவ்வேகத்தை நம்பியே தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் 2020 முதல் நிற்கின்றன. அவன் காற்றடங்கிய காலையொன்றைத் தெரிந்து பறக்கின்றான் எனக் கொள்வோம். கடலின்மேல் இயந்திரம் நின்றுவிடுகின்றது. அவனிடம் முதலில் சென்றடையக்கூடியவர் யார்? வலைவிரித்திருக்கும் மீனவரே. வள்ளம் ஒன்று கரை திரும்பாவிடில் மற்றை வள்ளங்கள் தேடிப் புறப்படுவது அக்கரையின் எழுதாத நியதி. வீழ்ந்தவன் கடற்றொழிலாளன் அல்லன் என்பதால் அந்நியதி அவனைக் கைவிடாது. வலையை அறுத்துவிட்டு, தம் எரிபொருளைச் செலவிட்டு, அன்றைய உழைப்பை இழந்து அவர்கள் செல்வர். அது அவர்தம் விருப்பம், எவரும் வற்புறுத்தவில்லையே என ஒருவர் வாதிடலாம். வாதம் தருக்கத்துக்குப் பொருந்தும். ஆனால் மூழ்குபவனைக் கண்டும் வாளாவிருக்க முடியாதவரின் நல்லியல்பை முன்கூட்டியே கணக்கிற் சேர்த்துக்கொண்டு, தன் ஆபத்து தன்னுடையதே எனப் பறைசாற்றுவது நேர்மையன்று. மீனவன் கடலுக்குச் செல்வதும் ஆபத்தே. ஆயின் அவன் இன்று தேடப்படுபவன், நாளை தேடுபவன். கைம்மாறு செய்யும் அவ்வட்டத்துக்குள் பொழுதுபோக்குப் பறப்பாளன் இல்லை.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007 ஜனவரி 2 இல் மன்னார் மாவட்டத்தின் படகுத்துறை எனும் மீனவக் குடியிருப்பு விமானப்படையின் குண்டுவீச்சுக்கு இலக்காகிப் பொதுமக்கள் மாண்டனர். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் விடுதலைப் புலிகள் சிறு விமானத்தைக் கொண்டு கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கினர். 2008 ஒக்டோபர் 28 இல் தீவுக்கு எதிர்ப்புறத்துத் தள்ளாடி முகாம் அவ்வாறே தாக்கப்பட்டது. பயிற்சிக்கும் உல்லாசத்துக்கும் எனப் பிறந்த விமான வகையே குண்டு சுமந்தது. இதனால் அப்பகுதியில் தாழப்பறக்கும் இயந்திரத்தின் இரைச்சல், 115 கிலோகிராமுக்கு உட்பட்டதேயாயினும், முதியோர் சிலருக்கு இலேசான ஒலியாக இராது. அச்சத்தைத் தராசில் நிறுக்க எந்த விதித்தொகுதியும் முயன்றதில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. வானத்தை அண்ணாந்து பார்த்து ஒரு சிறுவன் கைகாட்டி மகிழும் காலம் அக்கரைக்கு வருமாயின் அது சிறுபேறன்று. ஆகையால் பறத்தலை விலக்குவது விடையாகாது.

உயரமும் கவனிக்கத்தக்கது. பயணிகள் விமானம் முகிலுக்கு மேலே செல்வதால் கீழுள்ள உயிர்களுக்கு அது பெரும்பாலும் பொருட்டன்று. இலகு ஊர்தியோ தாழவே செல்லும். 2008 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010 இல் றாம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற வங்காலைப் பகுதிக்கு வாடைக்காலத்தில் நெடுந்தூரம் பறந்து இளைத்துவரும் பறவைகள் அத்தகைய ஊர்தியைக் கண்டு வெருண்டெழும். உண்டு சேமித்த வலுவை வீணே செலவிடும். எடையை அளவுகோலாக்கிய சட்டத்தின் குறை இங்கே புலப்படுகின்றது. இலேசானது கீழுள்ளோரை நெருங்குவது; நெருங்குவதனாலேயே அதற்குரிய கடமை வேறுவகையாகின்றது.

மேற்கூறிய அமெரிக்க விதியிலும் குடியிருப்பு நெரிசலின் மேலும், திறந்தவெளியில் மக்கள் கூடியிருக்கும் இடத்தின் மேலும் பறக்கலாகாது என்ற தடை உண்டு. நல்ல தடைதான். ஆனால் மன்னார்க் கரையோரத்தில் கரைவலை இழுக்கும் வேளையில் மட்டும் மணலில் பலர் கூடுவர். வலை ஏறியதும் கரை வெறுமையாகும். எந்த நாளில், எந்த வேளையில், எந்தப் பாட்டில் வலை வளைக்கப்படும் என்பது வரைபடத்தில் இராது. அதனை அறிய விரும்பும் பறப்பாளன், இறக்கையைப் பூட்டுவதற்கு முன்னர், கரைவரை நடந்து சென்று சம்மாட்டியிடம் கேட்டுவர வேண்டும்.