கோயில் கதவும் ஜனவரி ஒன்றும்

டிசம்பர் 31 இரவு தமிழ்நாட்டின் பல கோயில்களில் நடை சாத்துவதில்லை. சாத்தினாலும் பன்னிரண்டு மணிக்கு மறுபடி திறக்கிறார்கள். இதைக் கண்டு மனம் நோகும் பக்தர்கள் உண்டு. சித்திரை ஒன்றில் ஆண்டு பிறக்கிறது என்று நம்புகிறவர், மார்கழி நடுவில் வரும் ஒரு நாளுக்காக அர்ச்சனைத் தட்டோடு நிற்கலாமா என்று கேட்கிறார்கள். முஹர்ரம் பிறையில் ஆண்டைத் தொடங்கும் முஸ்லிம்களிடமும் இதே கேள்வி உண்டு. ஜனவரிக் கொண்டாட்டம் வேண்டாம் என்றே ஆலிம்கள் பலர் சொல்கிறார்கள். பக்தியுள்ளவர் எந்த நாளைத் தம் நாள் என்று ஏற்பது என்பது யோசித்து விடை சொல்ல வேண்டிய காரியம்.

அந்நியரின் நாள் என்பது முதல் மறுப்பு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல்காட்டில் இந்த மறுப்பு நிற்காது. இங்கே மானாவாரி விவசாயிக்குச் சித்திரை ஒன்று பொன்னேர் பூட்டும் நாள். மாட்டைக் குளிப்பாட்டி, கலப்பைக்குப் பொட்டு வைத்து, ஊரே சேர்ந்து முதல் உழவு உழும். இப்போது பல ஊர்களில் டிராக்டருக்கு மாலை விழுகிறது. அதே விவசாயியின் நிலக்கணக்கோ பசலி ஆண்டில் ஓடுகிறது. அக்பர் காலத்தில் வரி வசூலுக்காக ஹிஜ்ரி எண்ணை அடியொற்றி ஏற்பட்ட கணக்கு அது. 2024 ஜூலை 1 அன்று தொடங்கியது பசலி 1434. அடங்கலிலும் ஜமாபந்தியிலும் அந்த எண்ணே எழுதப்படுகிறது. கடைக்காரருக்குக் கணக்கு ஏப்ரல் ஒன்றில் திறக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி ஜூனில். பசலியில் கிஸ்தி கட்டியதால் எவருடைய குலசாமியும் கோபித்துக்கொண்டதாகக் கேள்வியில்லை. ஒரே வீட்டுக்குள் நான்கு ஆண்டுகள் சண்டையில்லாமல் நடக்கின்றன. ஐந்தாவதாக ஜனவரி வந்து உட்கார்வதால் நம்பிக்கை கெட்டுவிடாது.

கிறிஸ்தவர்களின் நாள் என்பது அடுத்த மறுப்பு. வரலாறு இதற்கு இடம் தரவில்லை. ஜனவரி ஒன்று கிறிஸ்துவுக்கு முந்திய ரோமாபுரியின் நாள். இங்கிலாந்திலும் அதன் ஆட்சிப்பகுதிகளிலும் 1752 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகஸ்டின், சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே, தம் மக்கள் இந்த நாளின் களியாட்டத்தில் கலக்கக் கூடாது என்று பிரசங்கம் செய்தார். ஊர் பரிசு மாற்றிக்கொள்ளும்போது நீங்கள் தர்மம் செய்யுங்கள், ஊர் குடிக்கும்போது நீங்கள் நோன்பிருங்கள் என்பது அதன் சாரம். இன்று நம் ஊர்த் தேவாலயங்களில் வாட்ச் நைட் ஆராதனையாக நடப்பதும் அந்த இரவை ஜெபத்தால் நிரப்பும் முயற்சிதான். நாளைத் துரத்த முடியாதபோது அதில் எதைச் செய்வது என்று முடிவெடுத்தார்கள். அது நேர்மையான வழி.

ஆனால் கோயிலை நள்ளிரவில் திறப்பது வேறு கேள்வி. அங்கே மறுப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அர்த்தசாமம் முடிந்து நடை சாத்தினால் விடியலில் பள்ளியெழுச்சிக்குத்தான் திறப்பது வழக்கம். இரவு முழுக்க விழித்திருக்க வேண்டிய நாள்களை மரபே வைத்திருக்கிறது. சிவராத்திரியும் ஆருத்ரா தரிசனமும் அப்படிப்பட்டவை. சுந்தரர் பாடிய தலமான திருச்சுழியில் 1879 மார்கழியில் அப்படி ஓர் இரவு. ஆருத்ரா தரிசனத்துக்காக உலாப்போன நடராசர் கோயிலுக்குத் திரும்பியபின், டிசம்பர் 30 அதிகாலை ஒரு மணியளவில், பின்னாளில் ரமண மகரிஷி ஆன வேங்கடராமன் பிறந்தார். அவருடைய ஜெயந்தி ஆங்கிலத் தேதியில் வருவதில்லை; மார்கழிப் புனர்பூசத்தில் வருகிறது. 1912-இல் அன்பர்கள் முதன்முதலாக அதைக் கொண்டாட முற்பட்டபோது, பிறந்தது யார் என்று முதலில் விசாரியுங்கள் என்ற பொருளில் பாடல் எழுதிக் கொடுத்தார் அவர். மார்கழிக்கென்று சொந்தமாக ஒரு நள்ளிரவு இருக்கும் மண்ணில், கடிகார முள்ளைப் பார்த்து இன்னொன்றை உண்டாக்கத் தேவை என்ன?

தேவையில்லை என்பதற்கு மனிதக் காரணமும் உண்டு. மார்கழி முழுக்க விடியலுக்கு முன்பே நடை திறக்கிறது. குருக்களும் மடப்பள்ளியில் இருப்பவரும் ஓதுவாரும் காவலரும் ஏற்கெனவே அரைத்தூக்கத்தில் வாழும் மாதம் இது. நள்ளிரவிலும் திறந்தால் அந்த அரைத்தூக்கமும் போகிறது. நம் மனநிறைவுக்காக இன்னொருவர் தூக்கத்தை எடுத்துக்கொள்வதைப் பக்தி என்று சொல்ல முடியாது.

2017 டிசம்பரில் ஆந்திர அறநிலையத் துறையின் கீழுள்ள இந்து தர்ம பரிரக்ஷண அறக்கட்டளை, ஜனவரி ஒன்றுக்குக் கோயில்களில் சிறப்புக் கொண்டாட்டமும் மலர் அலங்காரச் செலவும் வேண்டாம், யுகாதியே நம் புத்தாண்டு என்று சுற்றறிக்கை அனுப்பியது. கோயில் பணத்தைப் பொறுத்தவரை அது சரி. கட்டளைதாரர் எந்த நோக்கத்துக்குக் கொடுத்தாரோ அதற்கே அது செலவாக வேண்டும். ஒரு பக்தர் தம் கைக்காசில் மாலை வாங்கிவந்தால் தடுக்கக் காரணமில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்து மல்லிகைக்காரருக்கு மார்கழிப் பனியில் பூ குறைந்துபோகிறது. கிடைக்கும் கொஞ்சத்துக்கு நல்ல விலை வந்தால் அந்தக் குடும்பத்துக்கு உதவி.

அரசும் புத்தாண்டு நாளைத் தீர்மானிக்கப் பார்த்தது. 2008-இல் தை ஒன்றே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது. 2011-இல் அது நீக்கப்பட்டுச் சித்திரை திரும்பியது. அந்த மூன்றாண்டுகளிலும் கரிசல்காட்டுப் பொன்னேர் சித்திரையில்தான் பூட்டப்பட்டது.

பக்தர் அஞ்ச வேண்டியது நாளை அல்ல, அந்த இரவின் குடியையும் கண்மூடித்தனமான வண்டியோட்டத்தையும். நாள்காட்டிக்காகக் கோபப்படுகிறவர்கள் அந்தக் கோபத்தில் பாதியை மதுக்கடை வாசலில் காட்டினால் பல வீடுகள் பிழைக்கும். வாழ்த்துச் சொல்கிறவரை மதத்துரோகி என்பதும், சொல்ல மறுக்கும் முஸ்லிம் அண்டைவீட்டாரை முசுடு என்பதும் ஒரே தவறு.

ஜனவரி ஒன்றைக் கொண்டாட விரும்பும் பக்தர் கொண்டாடட்டும். கோயிலுக்குப் போக விரும்பினால் விடியலில் போகட்டும். மார்கழியில் கதவு அதற்குள் திறந்தே இருக்கும். நள்ளிரவு நடைதிறப்பை அறநிலையத் துறையும் கோயில் நிர்வாகங்களும் கைவிட வேண்டும்.