உயரம் யாருடையது?

தேரின் அச்சுதான் தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனை மடக்கிய வாதம் பௌத்த மரபில் பேர்பெற்றது. எதுவுமே தேர் இல்லை, எல்லாம் கூடிய நிலைக்கு நாம் வைத்த பெயரே தேர் என்று அது முடிகிறது. எனக்கு அதில் ஒரு குறை படுகிறது. முழுமையைக் கரைத்த கையோடு உறுப்புகளைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அச்சுக்கு அச்சின் குணம் சொந்தம் என்ற நம்பிக்கை அப்படியே பிழைத்துக்கொள்கிறது. வைசேஷிகத் தத்துவ மரபினரோ அளவு பொருளிலேயே உறையும் குணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். இதைச் சோதித்துப் பார்க்க, லீஃப் ஸ்பிரிங் என்னும் இரும்புப் பட்டை அடுக்கு பூட்டிய பந்தயக் காரின் பின்புற உயரம் வாகான இடம்.

1965ஆம் ஆண்டின் ஷெல்பி ஜிடி350 காரை எடுத்துக்கொள்வோம். பின் ஆக்சில் இரண்டு பட்டை அடுக்குகளின் மேலே யூ போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. பட்டையின் முன்முனை உடலோடு பிணைந்தது. பின்முனை ஷாக்கிள் என்னும் தொங்கு இணைப்பில் ஊசலாடுவது. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு அங்குலக் கட்டை செருகினால் பின்பக்கம் ஒரு அங்குலம் இறங்கும். ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினாலோ ஏறக்குறைய ஒரே அங்குலம்தான் ஏறும். ஆக்சில் பட்டையின் நடுவாக்கில் இருப்பதே காரணம். கட்டை உயரத்தோடு நிற்பதுமில்லை. ஆக்சில் முறுக்கும்போது அதன் நெம்பு நீளம் கூடி, பட்டை நெளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது. முன்முனைக்கும் ஆக்சிலுக்கும் உள்ள ஏற்ற இறக்கம் மாறுவதால், வளைவில் கார் சாயும்போது ஆக்சில் திரும்பும் விதமும் மாறுகிறது. இடப்பக்கப் பின்மூலையை மட்டும் உயர்த்திப் பாருங்கள்: அந்தச் சக்கரத்திலும் வலப்பக்க முன்சக்கரத்திலும் பாரம் கூடும், மற்ற இரண்டிலும் குறையும். மொத்த எடை மாறாது. முன்சக்கரத்தை யாரும் தொடவேயில்லை.

டேப்பை வைத்தால் உயரம் எண்ணாகத் தெரிகிறதே, அது பொருளின் குணமில்லாமல் வேறென்ன என்று கேட்கலாம். ஆனால் காரை ஜாக்கியில் தூக்கி மெல்ல இறக்கினால், பட்டைகளின் உராய்வு பிடித்துக்கொண்டு கார் சற்று மேலேயே நிற்கும். அமுக்கி விட்டால் சற்றுக் கீழே நிற்கும். அதே பட்டை, அதே பாரம், இரண்டு உயரம். எந்த வழியாக வந்து நின்றது என்பதும் அந்த எண்ணுக்குள் புதைந்திருக்கிறது. அதற்காக உயரம் வெறும் மாயை என்று சொல்ல மாட்டேன். உறவும் உண்மைதான், தரையில் இடித்தால் தெரியும். இரும்பின் மீள்தன்மையாவது அதற்கே சொந்தமில்லையா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அதை ஒப்புக்கொள்கிறேன், எல்லாக் குணங்களும் ஒரே அளவில் சார்ந்து நிற்பவை அல்ல. ஆனால் காரைத் தாங்குவது வெறும் இரும்பு இல்லை. எத்தனை பட்டை, எவ்வளவு நீளம் யூ போல்ட்டின் பிடியில் செயலற்றுப் போகிறது, ஷாக்கிள் எந்தக் கோணத்தில் தொங்குகிறது என்பதெல்லாம் சேர்ந்தே விறைப்பு ஆகிறது.

எல்லாம் எல்லாவற்றையும் சார்ந்தது என்றால் ஸ்பேனரை எங்கே வைப்பது? இந்தக் கேள்வியில் தத்துவவாதிகள் திணறலாம், பட்டறையில் திணறுவதில்லை. ஒரு மூலையில் திருகுவார்கள். காரை முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கிவிட்டு, நான்கு சக்கரங்களுக்கடியிலும் தராசு வைத்துப் படிப்பார்கள். அதற்கு முன்பே ஓட்டுநரின் எடைக்கு ஈடான மூட்டை அவர் இருக்கையில் ஏறியிருக்கும்.