கொடுக்கிற கையும் கழுவுகிற கையும்

'சேவை', 'தொண்டு' என்கிற வார்த்தைகளைக் கேட்டாலே நாம் கொஞ்சம் உஷாராகிவிடுகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்க்காரன் நமக்குத் தொண்டு செய்ய வந்தபோதெல்லாம் சேரித் தெருவைக் கூட்டினான், நம்ம பிள்ளைகளுக்குக் குளிக்கச் சொல்லிக்கொடுத்தான், போட்டோ எடுத்துக்கொண்டு போனான். நாம் ஊருக்குச் செய்ததை மட்டும் எவனும் தொண்டு என்று சொன்னதில்லை. அதுக்குப் பேரு முறை, அடிமைத் தொழில், வெட்டி. பீ அள்ளினது, பொணம் எரிச்சது, செத்த மாட்டை இழுத்துப் போட்டது எல்லாம் 'உங்க கடமை'. அதே பீயை ஒரு நாள் காந்தி அள்ளினால் அது மகாத்மியம். வேலை ஒன்றுதான். செய்கிறவனின் பிறப்பைப் பார்த்து அதற்குப் பேர் மாறுகிறது.

அப்படியானால் கூலி வாங்காமல் ஒருத்தர் இன்னொருத்தருக்கு உழைப்பது எப்போது அறமாகிறது, எப்போது சுரண்டலாகிறது? இந்தக் கேள்வியை நம்ம ஊர் உதாரணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கோபம்தான் மிஞ்சும். கோபம் நியாயமானதுதான். ஆனாலும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டுக் கிடந்த இன்னொரு சமூகம் தன் கிழடுகளை எப்படிப் பார்த்துக்கொண்டது என்று பார்ப்பது நமக்கு உதவும். நான் எடுத்துக்கொள்வது வட அமெரிக்காவில் உள்ள யூத முதியோர் இல்லங்களை. 'கெட்டோ' என்கிற சொல் 1516இல் வெனிஸ் நகரத்தில் யூதர்களை ஒரு பகுதிக்குள் அடைத்துப் பூட்டியதிலிருந்து வந்தது. அம்பேத்கர் மறைவுக்குப் பின் அச்சான எழுத்துகளில் ஒன்றுக்கு 'தீண்டப்படாதவர்கள் அல்லது இந்தியக் கெட்டோவின் குழந்தைகள்' என்று தலைப்பு. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் எழுத்து இருந்தது, புத்தகம் இருந்தது. நமக்கு எழுத்தே தடை. ஆனாலும் உறவு சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது.

1881லிருந்து 1924வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். ஜார் ஆட்சியின் கலவரங்களும் பட்டினியும் விரட்டின. போன இடத்தில் தையல் மெஷினிலும் தள்ளுவண்டியிலும் பிழைத்தார்கள். வயசாகிப் போக்கிடம் இல்லாமல் போனால் அரசாங்கத்தின் ஏழைகள் விடுதிதான். அங்கே அவர்கள் மொழி பேச ஆள் கிடையாது. அவர்கள் மதம் விலக்கிய சாப்பாடு தட்டில் வரும். ஓய்வுநாள் கிடையாது. அந்நியர் நடுவில் செத்து அந்நியர் சடங்கில் புதைபட வேண்டும். இந்தப் பயத்திலிருந்துதான் இல்லங்கள் பிறந்தன. டொராண்டோவில் 'எஸ்ரஸ் நோஷிம்' என்ற பெண்கள் சங்கத்தினர் வீடு வீடாகப் போய்ச் சில்லறை சேர்த்தார்கள். அந்தக் காசில் 1918இல் செசில் தெருவில் ஒரு முதியோர் இல்லம் வந்தது. இன்று 'பேகிரெஸ்ட்' என்ற பெரிய நிறுவனம் அது. நியூயார்க்கின் ஹார்லெமில் 1917இல் வீடற்ற முதியவர்களுக்காகத் தொடங்கிய ஹீப்ரு இல்லம் இன்று பிராங்ஸ் பகுதியில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது. நன்கொடைக் கல்வெட்டில் பெரிய பெரிய பேர்கள் இருக்கும். தொடங்கி வைத்ததென்னவோ சில்லறை சேர்த்த பெண்கள்தான்.

இந்த உதவிக்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் 'செதாக்கா'. தர்மம், பிச்சை என்று மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். அந்த எபிரேயச் சொல்லின் வேர் நீதி. கொடுப்பவனின் பெருந்தன்மையைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. வாங்குபவனுக்குச் சேர வேண்டியது சேர்கிறது, அவ்வளவுதான். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் கொடுப்பதில் எட்டுப் படிகளை வகுத்தார். கடைசிப் படி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுப்பது. முதற்படியில் வரிசையாகச் சோறு போடுகிறவன் இல்லை. விழப்போகிறவனுக்குக் கடனோ வேலையோ கொடுத்து, தொழிலில் கூட்டுச் சேர்த்து, அடுத்தவன் கையை எதிர்பார்க்காமல் நிற்க வைப்பவன் இருக்கிறான். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு விதி. செதாக்கா வாங்கிப் பிழைக்கிற ஏழையும் செதாக்கா கொடுக்க வேண்டும் என்கிறது அந்த மரபு.

முதலில் கேட்கும்போது இது அநியாயமாகத் தோன்றும். இல்லாதவனிடம் என்னத்தைக் கேட்பது? யோசித்துப் பார்த்தால் புரியும். வாங்குவது மட்டுமே ஒருத்தனின் வேலை என்று ஆக்கிவிட்டால் அவன் மனுஷக் கணக்கிலிருந்தே வெளியே போய்விடுகிறான். கொடுக்கிற உரிமை இருந்தால்தான் அவன் இன்னொருத்தனுக்குச் சமமாக நிற்கிறான்.

இல்லங்களுக்குள் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். சாயங்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் வந்து பேப்பர் படித்துக் காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் சபாத் விளக்கேற்ற உதவுவார்கள், சக்கர நாற்காலியைத் தொழுகைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். எங்கேயும் நடக்கிற தொண்டுதான் இது. எனக்குப் பெரிசாகப் படுவது இல்லவாசிகள் தாங்களே செய்கிற வேலை. புதுசாக வந்து அழுதுகொண்டிருக்கிற கிழவியோடு பக்கத்து அறைக் கிழவி போய் உட்காருவாள். ஒருத்தர் நூலக வண்டியைத் தள்ளுவார். ஒருத்தர் ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகளுக்குக் குல்லா பின்னுவார். சபாத்துக்கு முன்னால் தகர உண்டியலில் எல்லோரும் காசு போடுவார்கள். அமெரிக்காவில் 1987இல் வந்த சட்டம், மருத்துவப் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்கள் தங்களுக்கென்று மன்றம் அமைத்துக் குறைகளைக் கேட்கும் உரிமையையும் தந்திருக்கிறது.

தொழுகையில் ஒரு கணக்கு இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்தால்தான் சில பிரார்த்தனைகளைச் சொல்லலாம். செத்தவருக்காகச் சொல்லும் 'கதிஷ்' அதில் ஒன்று. அப்பாவைப் பறிகொடுத்த இளைஞன் அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒன்பது பேர் அவனோடு நிற்க வேண்டும். எழுந்து நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கிழவர் பத்தாவது ஆளாக இருந்தால் அவர் இல்லாமல் ஒன்றும் தொடங்காது. தொண்டு செய்ய வந்த பையன் அந்த நேரத்தில் கிழவரிடம் வாங்குகிறவன் ஆகிவிடுகிறான். பழமைவாதிகள் இந்தப் பத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. மற்ற பிரிவினர் சேர்க்கிறார்கள். இல்லத்துக்கே விதை போட்ட பெண்களைத் தொழுகைக் கணக்கில் விட்டுவிட்ட ஆணாதிக்கத்தையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும்.

இது முதியோர் இல்லத்துக்குள் மட்டும் நிற்கிற விஷயமில்லை. 1962இல் ஜெருசலேமில் மிரியம் மெண்டிலோ என்கிற ஆசிரியை, தெருவில் பிச்சையெடுத்த முதியவர்களுக்காக 'யாத் லகஷிஷ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் கஞ்சித்தொட்டி திறக்கவில்லை. புத்தகம் பைண்டு பண்ணும் பட்டறை திறந்தார். பள்ளிப் பிள்ளைகளின் கிழிந்த புத்தகங்களைக் கிழவர்கள் தைத்துக் கொடுத்தார்கள்.

நம்ம கதையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். தீண்டாமையைப் பற்றிப் பேசும்போது, நமக்குக் கொடுக்க மறுத்ததைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். கிணத்துத் தண்ணி, கோயில் வாசல், டீக்கடைக் கிளாஸ். நம்மிடமிருந்து வாங்க மறுத்ததைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். நம்ம வீட்டுத் தண்ணியை அவன் குடிக்கமாட்டான். நம்ம கல்யாணத்தில் கை நனைக்கமாட்டான். சத்துணவு சமைக்க நம்ம பெண்ணை வைத்தால் பிள்ளைகளை அனுப்பமாட்டான். நம்ம உழைப்பை வாங்கிக்கொள்வான். நாம் கொடுப்பதை வாங்கமாட்டான். கொடுக்கிற உரிமையைப் பறித்ததும் தீண்டாமைதான். செதாக்காவின் விதி தொடுகிற இடம் இது.

அடுத்தது சாவு. யூத மரபிலும் பிணம் தீட்டுத்தான். குருமார் குலத்தில் பிறந்தவர்கள் பிணத்தின் அருகே போகக்கூடாது என்றுகூட விதி இருக்கிறது. ஆனால் பிணத்தைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி போர்த்துவது யார்? 'ஹெவ்ரா கதிஷா' என்கிற புனித சங்கம். ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். டாக்டர், கடைக்காரர், வாத்தியார் என்று ஊரில் மதிப்பானவர்கள் அதில் தொண்டர்களாகச் சேருவார்கள். செத்தவர் திருப்பிச் செய்ய முடியாது, அதனால் இதுவே உண்மையான அன்பு என்று அதற்குப் பேர். அதாவது தீட்டு என்கிற கருத்து அங்கேயும் இருக்கிறது. ஆனால் அந்தத் தீட்டை ஒரு கூட்டத்தின் பிறப்பில் ஏற்றி, தலைமுறை தலைமுறையாகச் சுமக்க வைக்கவில்லை. வேலை முடிந்தால் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். நம்ம வெட்டியான் எத்தனை தடவை கை கழுவினாலும் வெட்டியான்தான். எனவே தீட்டு என்ற கருத்தை மட்டும் வைத்துச் சாதியை விளக்கிவிட முடியாது. தீட்டைப் பிறப்போடு கட்டிப்போட்டதுதான் சாதி.

இதோடு நிறுத்தினால் நான் யூத இல்லத்துக்கு விளம்பரம் எழுதியவன் ஆகிவிடுவேன். அங்கேயும் செத்த உடம்பைக் குளிப்பாட்டத் தொண்டர் வருகிறார். உயிரோடு இருக்கிற உடம்பைத் தினமும் குளிப்பாட்டுவது யார்? மலம் துடைப்பது, படுக்கைப் புண்ணுக்குப் புரட்டிப் போடுவது, ராத்திரி மூணு மணிக்கு மணி அடித்தால் ஓடுவது? கரீபியன் தீவுகளிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த பெண்கள், கறுப்பினப் பெண்கள், லத்தீன் அமெரிக்கப் பெண்கள். குறைந்த கூலி, இரட்டை ஷிப்டு. வதைமுகாமிலிருந்து தப்பிப் பிழைத்த கிழவிகள் இந்த இல்லங்களில் இருந்தார்கள், இப்போதும் சிலர் இருக்கிறார்கள். குளியலறைத் தண்ணீர்க்குழாயைப் பார்த்ததும் அலறுகிறவர்கள் உண்டு. வரிசையில் நிற்கச் சொன்னால் நடுங்குகிறவர்கள் உண்டு. அந்த அலறலுக்குப் பின்னால் இருக்கிற வரலாற்றைத் தெரிந்துகொண்டு, மெதுவாகப் பேசி, துணியை நனைத்துத் துடைத்துவிடுகிறவள் அந்தக் கூலிக்காரப் பெண். அவளுடைய அறிவுக்கும் அன்புக்கும் சம்பளச் சீட்டில் இடமில்லை. தொண்டர் பேர் மட்டும் சுவரில் இருக்கிறது.

இந்த முரண்பாடு 1959இல் நியூயார்க்கில் வெடித்தது. மவுண்ட் சினாய், பெத் இஸ்ரேல், புரூக்ளின் யூத மருத்துவமனை உட்பட ஏழு மருத்துவமனைகளில் கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களுமான தொழிலாளர்கள் 46 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துடைக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், சமையலறைக்காரர்கள். முழுநேரம் உழைத்தும் அரசு நிவாரணம் வாங்கி வயிறு கழுவிய குடும்பங்கள் அதில் இருந்தன. நிர்வாகங்களின் பதில் என்ன தெரியுமா? இவை தொண்டு மருத்துவமனைகள், லாபம் பார்ப்பவை அல்ல, இங்கே தொழிற்சங்கம் எதற்கு என்பதுதான். சட்டமும் அவர்கள் பக்கம் நின்றது. 1947இலிருந்து 1974வரை லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே இருந்தன. வேலைநிறுத்தத்தை நடத்திய 1199 என்ற சங்கத்தின் தலைவர் லியான் டேவிஸ் ரஷ்யாவிலிருந்து வந்த யூதர். யூதக் கொடையாளிகளின் நிறுவனத்தை எதிர்த்து, யூதரல்லாத துப்புரவாளர்களுக்காக ஒரு யூதர் நின்றார். நீதி என்று பொருள்படும் அந்தச் சொல்லுக்கு யார் உண்மையாக இருந்தார்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

'தொண்டு' என்கிற சொல் கூலியைத் தின்னுகிற விதம் இதுதான். நம்ம ஊரிலும் இதே கதை. மலம் அள்ளுவதைப் புனித சேவையாக்கிய காந்தியத்தை அம்பேத்கர் 1945இல் எழுதிய புத்தகத்தில் கிழித்துப் போட்டார். 2019இல் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து துப்புரவாளர்களின் காலைக் கழுவினார். 2020இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று பேர் மாற்றியது. 2025 ஆகஸ்டில் அதே தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து, வேலைப் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தபோது நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிப்போனது. காலைக் கழுவத் தயார். கேட்டதைக் கொடுக்கத் தயாரில்லை.

அதுக்காகத் தொண்டே பொய் என்று சொல்லிவிடலாமா? 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அமெரிக்க அரசு பராமரிப்பு இல்லங்களுக்குள் பார்வையாளர், தொண்டர், அவசியமில்லாத ஊழியர் எவரும் வரக்கூடாது என்று உத்தரவு போட்டது. கூலிக்காரப் பெண்கள் மட்டும் நோயைத் தாண்டி உள்ளே போனார்கள். சிலர் செத்தும் போனார்கள். யார் இல்லாமல் இல்லம் நடக்காது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது. அதே மாதங்களில் இன்னொன்றும் தெரிந்தது. சோறும் மருந்தும் நேரத்துக்குக் கிடைத்தும், பேச வருவார் இல்லாமல் கிழடுகள் வாடின. கூலி கொடுத்து வாங்க முடியாத ஒன்றும் மனுஷ வாழ்க்கையில் இருக்கிறது. அதை மறுத்தால் நாம் பொய் சொல்கிறவர்கள் ஆவோம்.

இன்னொரு கசப்பையும் சொல்ல வேண்டும். யூத வீடுகளில் இருந்த நீலமும் வெள்ளையுமான உண்டியல் 1901இல் தொடங்கிய யூத தேசிய நிதிக்கானது. அந்தக் காசு பாலஸ்தீனத்தில் நிலம் வாங்கப் போனது. 1948இல் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனியர்கள் வீடிழந்தார்கள். உண்டியலில் காசு போட்ட பாட்டியின் மனசில் கள்ளமில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நம்மவருக்கு மட்டுமான அன்பு எல்லோருக்குமான நீதியாகிவிடாது. இதை அவர்களுக்குச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 'நம்ம ஆளுக' என்று நாம் சொல்லும்போது அருந்ததியர் அதில் இருக்கிறார்களா? 2009இல் அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் எத்தனை பேர் முகம் சுளித்தோம்? நம்ம கூட்டம் முடிந்தபின் மண்டபத்தைக் கூட்டுகிறவர் யார்?

நம்ம தோழர்கள் ராத்திரிப் பாடசாலை நடத்துகிறார்கள், மாணவர் விடுதிக்கு அரிசி சேர்க்கிறார்கள். நாளைக்கு நம்ம கிழவிகளுக்கும் ஓர் இடம் கட்டத்தான் வேண்டும். பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட, 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தின உதவித்தொகையை வைத்துக்கொண்டு காலனியில் தனியாகக் கிடக்கிற கிழவிகள் எத்தனையோ பேர். கட்டும்போது சில கேள்விகளை முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். இங்கே வாங்குகிறவர் கொடுக்கவும் முடியுமா? தொண்டு செய்கிறவர் 'நாளைக்கு வரமுடியாது' என்று சொல்ல முடியுமா? சொல்ல முடியாதவர் செய்வது தொண்டு இல்லை, வேலை. அவருக்குக் கூலியும் சங்கமும் வேண்டும். கழுவுகிற வேலை எப்போதும் ஒரே ஆளின் தலையில், ஒரே பெண்ணின் தலையில், ஒரே உட்சாதியின் தலையில் விழுகிறதா?

நாத்து நட்டு, களையெடுத்து, குலவை போட்டு ஊருக்கே சோறு போட்ட கிழவி அவள். அவளை உட்கார வைத்துச் சோறு போடுவதோடு நம்ம வேலை முடிந்துவிடாது. அவள் பாட்டை, வைத்தியத்தை, வழக்குகளை நம்ம பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள இன்றைக்கு வரைக்கும் யாரும் கை நீட்டவில்லை. முதலில் நாம் நீட்டுவோம்.