மங்கில் போட்ட ஓட்டை

ரப்பர்ப் பால் பிடிக்கும் அம்மாவின் மங்குகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. சிலியாவ் பக்கத்துத் தோட்டத்தில் அவர் பால் எடுக்க மரம் வெட்டிய காலத்தவை. பீங்கான், உள்ளே கை வழுக்கும். பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது அப்பா ஒரு சாக்கில் கட்டி எடுத்து வந்தார். பால் மங்குக்கு அடியில் ஓட்டை கிடையாது. ஒழுகினால் அன்றைய ராத்தல் குறையும், ராத்தல் குறைந்தால் கூலி குறையும்.

எண்ணெய் மில்லில் பாய்லர் வேலை முடிந்து சிரம்பான் தாமானுக்கு வந்த பிறகு, கேமரன் மலையில் வாங்கிய கள்ளிகளை இந்த மங்குகளில் வைத்தேன். கள்ளி என்று சொன்னாலும், பாலைத் திணைப் பாட்டில் வரும் நம்முடைய பழைய கள்ளி வேறு. அதைக் கிள்ளினால் பால் வரும். இந்த முள் உருண்டைகள் அமெரிக்கக் கண்டத்துச் சாதி, நான் வாங்கியவற்றில் பால் கிடையாது. அம்மாவின் மங்கில் ஓட்டை போட மனம் வராமல் அப்படியே வைத்தேன். மூன்று வாரத்தில் அடி கூழாகிவிட்டது.

அடுத்து ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டி. அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி, மேலே தோட்டத்து மண். எல்லோரும் சொல்லும் வழிதான்: தண்ணீர் ஜல்லிக்கு இறங்கிவிடும், வேர் பிழைத்துக்கொள்ளும். அதுவும் செத்தது. கவிழ்த்துப் பார்த்தால் ஜல்லியில் ஈரம் பேருக்குத்தான். அதற்கு மேலிருந்த மண் கஞ்சிபோல் இருந்தது.

காரணம் பிறகு புரிந்தது. மண் பொடிப்பொடியாக இருக்கிறது. பொடிகளுக்கு நடுவே உள்ள சின்னச் சந்துகள் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. கீழே ஜல்லியின் பெரிய சந்து திறந்திருந்தாலும், மேல்மண் முழுக்க ஊறி இனி தாங்காது என்று ஆகும்வரை ஒரு சொட்டும் இறங்காது. நனைந்த ஸ்பாஞ்சை ஜல்லிமேல் வைத்துப் பாருங்கள், ஓரளவுக்குமேல் சொட்டவே சொட்டாது. ஆக, ஜல்லி போட்டு நான் செய்ததெல்லாம் அந்தச் சேற்றை வேருக்கு இன்னும் பக்கத்தில் தூக்கி வைத்ததுதான்.

அப்பாவின் நினைவு வந்தது. "அம்பத்தஞ்சுல ரிட்டையர் ஆனதும் காசிக்குப் போயிட்டு வந்து சாமி, கோயில்னு உக்காந்துருவேன்யா" என்பார். வாழ்க்கையின் அடித்தட்டில் துறவை ஜல்லியாகப் போட்டு வைத்திருந்தார். நம் நூல்களையும் அப்படித்தான் படித்து வந்திருக்கிறோம்: திருக்குறளில் முதலில் இல்லறவியல், பிறகு துறவறவியல், ஆசிரமங்கள் நான்கில் சந்நியாசம் கடைசி. மேலே பற்று, கீழே விடுதலை, நேரம் வந்தால் தானாக இறங்கும் என்ற நம்பிக்கை. அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வந்தது. பற்று இறங்கவில்லை. காசிக்கும் போகவில்லை.

அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்ற ஏற்பாட்டில் வாழ்ந்தவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. 1960-ல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதே அதனால்தான். அப்பாவும் அதில் பங்குப் பணம் கட்டினார். சொந்தமாக ஒரு கையகல நிலம் இல்லாதவரிடம் "பற்றை விடு" என்று கோயில் மேடையில் சொற்பொழிவாற்றிய பெரியவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். எதைப் பிடித்திருந்தார், விடுவதற்கு?

கள்ளியும் பற்று இல்லாத செடி அல்ல. உடம்பு முழுக்கத் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதனால்தான் வெளியே மண்ணும் பிடித்து வைப்பது அதற்கு ஆகாது. ஈர மண்ணில் வேர் அழுகுவது அதிகம் குடித்ததால் என்று நினைத்திருந்தேன். காற்று கிடைக்காமல் மூச்சு முட்டித்தான் வேர் சாகிறது. அழுக வைக்கும் பூஞ்சை பின்னால் வருகிறது.

இப்போது நான் தட்டுத்தட்டாக எதையும் போடுவதில்லை. பியூமிஸ் கல் நான்கு பங்கு, மில் பாய்லரில் நாரும் ஓடும் எரிந்து கட்டிய கிளிங்கரை உடைத்து, கழுவி, தூள் போகச் சலித்தது இரண்டு பங்கு, கருக்கிய உமி ஒன்று, நன்றாக மக்கிய எரு ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசறிவிடுவேன். "மண்ணே இல்லாம என்ன செடி?" என்று வீட்டுக்காரி கேட்டாள். பியூமிஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: கல்லுக்குள் நுண்ணிய துளைகள், அவற்றில் ஈரம் நிற்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று நிற்கும். பிடிப்பதும் விடுவதும் ஒரே கல்லின் வேலை. துறவு அதிகாரத்தை முடிக்கும் 350-ஆம் குறளில் வள்ளுவர், பற்றை விடுவதற்கே ஒன்றைப் பற்றச் சொல்கிறார். அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். விளங்கியது இந்தக் கல்லைப் பார்த்த பிறகுதான்.

உமி விஷயத்தில் எனக்கும் சைவ சித்தாந்திகளுக்கும் ஒரு சின்னத் தகராறு. நெல்லுக்கு உமி போல உயிருக்கு ஆணவ மலம் உடன்பிறந்தது என்பார்கள், களைய வேண்டியது என்பார்கள். நான் அதைக் கருக்கிக் கலவையில் போடுகிறேன். வேருக்குக் காற்று விடுகிறது.

ஆகவே என் கட்சி இது: துறவு ஐம்பத்தைந்துக்குப் பிறகு இறங்கப்போகிற தட்டு அல்ல. இருபத்தைந்து வயதில், சம்பள நாளில், பிள்ளையைத் திட்டும்போது, ஒவ்வொரு பிடிக்கும் நடுவே கொஞ்சம் சந்து விட்டிருக்க வேண்டும். அப்பாவுக்கு அந்தச் சந்தை யாரும் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மங்கில் ஓட்டை போட டைல் பிட் வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகக் குடைய வேண்டும், அவசரப்பட்டால் பீங்கான் விரியும். எட்டு மங்கு முடிந்துவிட்டது. மூன்றை அப்படியே வைத்திருக்கிறேன். ஒன்றில் வீட்டுச் சாவி கிடக்கிறது.